ஏழு பேணிக் கள்ளி

கை இன்னும் நாறுகிறது. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. அழுகிய கள்ளிக்கு ஒரு மணம் உண்டு, அது எனக்குப் பழக்கம். இன்று அதோடு ஈரக் காகிதத்தின் மணமும் கலந்திருந்தது.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ இருந்தபோது எழுதிய மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. நீ போய் நாற்பது நாளாகிறது. இப்போது எழுத வருகிறது.

காலையில் நடந்தது இதுதான். நீ கடைசியாகக் கொண்டுவந்த கள்ளி, ‘தூண்’ என்று நாம் பெயர் வைத்தது, ஜன்னலில் சாய்ந்து நின்றது. மேலே நல்ல பச்சை. நிமிர்த்தலாம் என்று தொட்டேன். அடிப்பகுதி கனிந்த வாழைப்பழம்போல விரலோடு வந்தது.

ஐயாவைக் கேட்டேன். நான் இப்போது பரந்தனுக்கு அப்பால், தகப்பனுக்குக் கிடைத்த குடியேற்றக் காணியில், ஐயாவோடு இருக்கிறேன். வாய்க்காலில் தன் முறைக்கு வரும் தண்ணீருக்காக அயல்காணிக்காரனோடு மண்வெட்டியைத் தூக்கிய மனிதர் அவர். தண்ணீர் விடாமல் ஒரு செடியை வளர்ப்பது என்பது அவருக்கு விளங்குவதில்லை. சோறு போடாமல் பிள்ளை வளர்ப்பதுபோல.

"வாடிப்போய் நிண்டுது. பாவமாக் கிடந்துது. நீ ஒரு கிழமையா அதுக்கு ஒரு சொட்டும் விடேல்லை. அதுதான் விடிய எழும்பி ஒவ்வொரு சிரட்டை விட்டனான்" என்றார்.

"எத்தினை நாளா ஐயா?"

"அதை எண்ணினனானே?"

நான் கோபிக்கவில்லை. அவர் விட்ட தண்ணீர் ஓடிப் போயிருக்க வேண்டும். ஒவ்வொரு பால்மாத் தகரப் பேணியின் அடியிலும் மூன்று ஓட்டை, ஆணியால் நீயே அடித்தவை. ஓட்டையின் மேல் உடைந்த ஓட்டுத் துண்டு, அதன் மேல் கரித்தூள், பிறகு ஆற்றுமணல் கலந்த மண். மண் ஒழுகாது, தண்ணீர் நிற்காது. நீ அப்படித்தான் சொன்னாய். நான் அப்படியே நம்பினேன்.

பேணியை முற்றத்தில் கவிழ்த்தேன். மண் வரவில்லை. தட்டினேன். கட்டியாக வந்தது. அடியில் ஓட்டுத் துண்டு இல்லை. எட்டாக மடித்த காகிதம் மூன்று ஓட்டையையும் அடைத்துக் கிடந்தது. தண்ணீர் குடித்து ஊதியிருந்தது.

விரித்தேன். பென்சில் எழுத்து. வட்டம் வட்டமாக. சிங்களம். உன் கை.

*

வவுனியாவில் நாம் இருந்த வீட்டை நினைத்துப் பார்க்கிறேன். ஸ்டேசன் றோட்டில், வீட்டுக்காரர் பின்பக்கமும் நாம் முன்பக்கமும். ஓர் அறை, ஒரு குசினி, கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல். நான் பேராதனையில் இருந்து வந்த புதிது. மாற்றம் கேட்காமல், கேட்கவும் தெரியாமல், அரசாங்கக் கந்தோரில் எனக்குக் கொடுத்த மேசையில் இருந்தேன். நீ எதிர்மேசை. முள்ளியவளைக்காரன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வேலைக்கு வந்தவன். என்னைவிட இரண்டு வயது இளையவன். ஆனால் கந்தோர் முழுவதையும் பெயரோடும் பட்டப்பெயரோடும் தெரிந்தவன்.

முதல் செடியை நீ ஒரு கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்தாய். மாத்தளையில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்குப் போய்வந்த ஞாயிறு அது. முள் இல்லாத, கொழுத்த இலைகள் கொண்ட சிறு துண்டு. பெருவிரல் அளவு. ‘பெருவிரல்’ என்றே பெயர் வைத்தோம். உடனே நட்டுவிடலாம் என்று நான் மண் எடுக்கப் போனேன். "காயம் காயட்டும். அவசரப்படாதை" என்றாய். ஐந்து நாள் அதை ஜன்னல் விளிம்பில் சும்மா போட்டு வைத்தாய். வெட்டிய வாய் தோல்போல உலர்ந்த பிறகே மண். நட்ட பிறகும் ஒரு கிழமை தண்ணீர் இல்லை.

வெளியே வைக்காமல் வீட்டுக்குள் வைத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வெளியே ஆடு. மாரியில் முற்றம் முழுவதும் வெள்ளம். கள்ளிக்கு இரண்டும் ஆகாது. ஜன்னலில் காலை வெயில் மட்டும் விழும். நான்கு நாளைக்கு ஒரு தரம் பேணியைக் கால்வட்டம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சத்தின் பக்கம் வளைந்துவிடும். சுண்டுவிரலை மண்ணுக்குள் இரண்டாம் கணுவரை விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். வெள்ளைப் பஞ்சுபோலப் பூச்சி பிடித்தால் துணியைச் சாராயத்தில் தொட்டுத் துடைக்க வேண்டும். அந்தச் சாராயத்தில் மிச்சத்தை என்ன செய்வது என்பது பற்றி உனக்குத் தெளிவான கொள்கை இருந்தது.

வீட்டுக்கார அக்கா ஒருநாள் கதவடியில் நின்று எட்டிப் பார்த்தா. அப்போது இரண்டு பேணி. இரண்டாவது, உருண்டையாக முள் நிறைந்தது. கந்தோர்த் தலைமை எழுத்தரின் நினைவில் அதற்குப் ‘பெரிய கிளாக்கர்’ என்று பெயர்.

"தம்பியவை, வீட்டுக்குள்ளை கள்ளி வைச்சா அந்த வீட்டிலை கலியாணம் நடக்காதாம்."

"அதுக்குத்தான் அக்கா வைச்சிருக்கிறம்" என்றாய்.

அவா சிரித்துக்கொண்டே போனா. இந்தச் சிறு பேச்சை நான் இன்று பலமுறை திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அந்த நாளை எனக்கு நிச்சயமாகத் தெரியும். அடுத்த வெள்ளிக்குப் பிந்திய வெள்ளிதான் கோவிலுக்குப் போனோம். இரண்டாவது பேணி அப்போதே ஜன்னலில் இருந்தது. இது முக்கியம்.

*

கோவில். அதை எழுதத்தான் வேண்டும்.

சிங்களமே அரசமொழி என்றாக்கிய அரசாங்கம் எங்களுக்குச் சிங்களச் சோதனை வைத்தது. தேறாதவர்களுக்குப் பதவி உயர்வு இல்லை. என்னைப்போல் புதிதாய்ச் சேர்ந்தவர்கள் குறித்த காலத்துக்குள் தேறாவிட்டால் வேலையே இல்லை. எங்கள் கந்தோரில் ஐந்து பேர் அதை எழுதுவதில்லை என்று முடிவெடுத்தோம். நீ, நான், இன்னும் மூவர். வாயால் சொன்னது போதாது, குளக்கட்டுப் பிள்ளையாரில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றவன் நீ.

எனக்குச் சிரிப்பு. கடவுளை நம்பாதவன் அணைத்தால் அது செல்லுமா என்று கேட்டேன்.

"கை சுடும்தானே. அது காணும்" என்றாய்.

தட்டை நீ ஏந்தினாய். ஒருவன் உள்ளங்கையால் சுடரை அடித்து அணைப்பான். நீ புதுக் கட்டி வைத்துக் கொளுத்துவாய். அடுத்தவன் அணைப்பான். என் முறை வந்தபோது கை உண்மையிலேயே சுட்டது. நம்பாதவனுக்கும் சுட்டது. பெருமையாகக்கூட இருந்தது. திரும்பி வரும்போது தேத்தண்ணிக் கடையில் அந்தக் கொப்புளத்தை எல்லோருக்கும் காட்டினேன்.

நான்கு தரம் கொளுத்தினாய். நாங்கள் ஐந்து பேர்.

ஒருவரும் எண்ணவில்லை. தட்டு ஏந்துகிறவனை யார் பார்ப்பார்கள்?

*

அதன் பிறகு நீ மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக்குப் போனாய். ஞாயிறு பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வருவாய். சட்டைப் பையில் ஒரு துண்டுக் கள்ளி வரும், சில மாதம் வராது. "அக்காவீட்டுப் பக்கத்திலை ஒரு மனிசன் வளர்க்கிறார். கேட்டாத் தருவார்" என்பாய். நீ இல்லாத இரண்டு நாளும் செடிகளை நான் பார்த்தேன். திருப்பினேன். விரல் விட்டுப் பார்த்தேன். நீ வந்ததும் கணக்குப் பிள்ளைபோல ஒவ்வொன்றாய் நின்று பார்த்து, "பரவாயில்லை, கொல்லேல்லை" என்பாய்.

நான் கிணற்றடிக்குப் போகும் காலைவேளைகளில் நீ பேணிகளில் மண் மாற்றிக்கொண்டிருப்பாய். சனிக்கிழமைக் குப்பையை எரிப்பது என் வேலை. ஆகவே குப்பையில் எதையும் போட உன்னால் முடியாது. இதுவும் இன்றுதான் விளங்குகிறது.

ஐயா ஒருமுறை ரெயிலில் வந்திறங்கினார், சோதனை விண்ணப்பப் பத்திரம் ஒன்றை மடித்து மடியில் செருகிக்கொண்டு. எனக்குச் சிங்களம் கஷ்டம் இல்லை என்று அவருக்குத் தெரியும். பேராதனையில் நான்கு வருடம் சிங்களப் பெடியன்களோடு ஒரே விடுதி, ஒரே மேசை. வாசிப்பேன், எழுதுவேன், பகிடியும் விடுவேன். படிக்காமலே தேறுவேன். ஐயா கெஞ்சவில்லை. கதிரையில் இருந்து பத்திரத்தை மேசையில் வைத்து அதன் மேல் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார், காற்றுக்குப் பறக்காமல். "எங்கடை காணி மழையைப் பாத்துக்கொண்டு நிக்குது. நீயும் அப்பிடி நிக்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

அவர் போன பிறகு அதை நிரப்பினேன். பெயர், பிறந்த இடம், பதவி. கையெழுத்து மட்டும் மிச்சம். நீ குளித்துவிட்டு ஈரச் சாரத்தோடு உள்ளே வந்தாய். பத்திரத்தைப் பார்த்தாய். என் வலது உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய்.

"ஆறிப் போச்சுப் போலை" என்றாய்.

பத்திரத்தை நான்தான் கிழித்தேன். இதில் நான் பொய் சொல்ல மாட்டேன். உன் கை அதில் படவில்லை. கற்பூரத்திலும் படவில்லை.

*

தேறியோர் பட்டியல் சிங்களத்தில் வந்தது. பெரிய கிளாக்கருக்கு, கள்ளிக்கு அல்ல, மனிதருக்கு, அது ஓடாது. "தம்பி, உமக்குத்தானே இது ஓடும். ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்" என்று என்னிடம் நீட்டினார். எழுந்து நின்று வாசித்தேன். முதல் பெயர் வேறு கந்தோர். இரண்டாவது வேறு கந்தோர். மூன்றாவது உன்னுடையது.

வாசிக்கத் தொடங்கிய வாய் நிற்கவில்லை. உன் பெயரையும் இலக்கத்தையும் வாசித்து, அடுத்த பெயருக்குப் போய், கடைசிவரை வாசித்து முடித்தேன். எதிர்மேசையில் நீ ஒரு கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாய். கட்டினாய். அவிழ்த்தாய். மறுபடி கட்டினாய். மற்ற மூவரில் ஒருவன், "தட்டுப் பிடிச்ச ஐயர் தப்பிட்டார்" என்றான். அப்போதுதான் எனக்கு அந்தக் கணக்கு வந்தது. நான்கு சுடர்.

பின்னேரம் வீட்டில் நீ ஜன்னலுக்கு முன் நின்றுகொண்டிருந்தாய். திரும்பாமலே பேசினாய்.

"நான் கற்பூரத்திலை கை வைக்கேல்லை மச்சான். தட்டுத்தான் பிடிச்சனான்."

நீ மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. இதற்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. இத்தனை மாதமாக அந்த வாக்கியத்தை நீ தயாராக வைத்திருந்தாய் என்பது மட்டும் தெரிந்தது.

கொழும்புக்கு மாற்றம் வந்தது. நீ பெட்டி கட்டினாய். ஏழு பேணியையும் எனக்கு விட்டாய். "மாரியிலை தண்ணி விடாதை" என்றாய் வாசலில். நான் கதவைச் சாத்தினேன்.

செடிகளை எறிந்திருக்கலாம். முற்றத்தில் வைத்திருந்தால் ஆடு முடித்திருக்கும். ஏன் வைத்திருந்தேன்? அவை ஒரு குற்றமும் செய்யவில்லை என்று எனக்கு நானே சொன்னேன். பலவீனமான ஒரு மனிதன் கடைசி மாதங்களில் பயந்துபோய்ச் சோதனை எழுதிவிட்டான். அதற்கு முன் இருந்தது எல்லாம் உண்மைதான். அப்படி ஒரு கதையை எனக்குக் கட்டி வைத்திருந்தேன். செடிகள் அந்த ‘அதற்கு முன்’ காலத்தைச் சேர்ந்தவை. தண்ணீர் விட்டேன். மாரியில் விடவில்லை.

காலக்கெடு முடிந்தது. என் வேலை போயிற்று. பேணிகளை ஒரு தேயிலைப் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு, இங்கே வந்தேன்.

உன் மூன்று கடிதங்களிலும் செடிகளைப் பற்றித்தான் விசாரித்திருந்தாய். பெரிய கிளாக்கர் பூத்தாரா? பெருவிரல் எப்படி? மூன்றாவதின் அடியில் மட்டும் சில வரிகள்: "நீ சொன்ன சொல்லில் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். நான் நிற்கமாட்டேன் என்றும் தெரியும். இரண்டு பேரும் விழுந்தால் நான் யாரைப் பார்த்து வெட்கப்படுவது?" அந்தக் கடிதத்தைத்தான் நான் அதிகம் வெறுத்தேன். உன் வெட்கத்துக்கு ஒரு ஆள் தேவை. அதற்கு விலை என் வேலை.

பிறகு உனக்குச் செங்கமாரி, மஞ்சள் காமாலை. ஒன்பது நாள் என்றார்கள். உடலை முள்ளியவளைக்குக் கொண்டு வந்ததாகச் செய்தி வந்தது. பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நின்றேன். வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன். பஸ் வந்தது. கொண்டக்டர் படியில் நின்று, "ஏறுங்கோ அண்ணை" என்றான். ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. வெயில் ஏறியதும் வீட்டுக்கு நடந்தேன்.

*

இன்று முற்றத்தில் ஏழு பேணியையும் கவிழ்த்தேன். பின்னிருந்து முன்னாக. ஐயா வேலியடியில் நின்று பார்த்தார்.

ஏழாவதில் இருந்தது மாதிரிக் கடிதம், மேலதிகாரிக்கு விடுமுறை கேட்டு. ஆறாவதில் கேள்வி பதில். ஐந்தாவது பாதி உக்கிவிட்டது, அதில் ஒரு வரி மிஞ்சியிருந்தது: "ஆசிரியரின் வீட்டில் முட்செடிகள் இருக்கின்றன." ஆக, அக்காவீட்டுப் பக்கத்து மனிசன் அவர்தான். பாடம் முடிந்ததும் ஒரு துண்டு வெட்டித் தந்திருக்கிறார். நீ அதை எனக்குக் காட்டப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

மூன்றாவதில் சொற்கள். அம்மா, வீடு, தண்ணீர், மரம். இரண்டாவதில், பெரிய கிளாக்கரின் வேருக்குக் கீழே, வெறும் எழுத்துகள். வரிவரியாக. பின்னோக்கிப் போகப்போக உன் கை சிறுபிள்ளையின் கையாகிக்கொண்டு வந்தது.

இரண்டாவது பேணி கோவிலுக்கு முந்தியது. வீட்டுக்கார அக்கா கலியாணப் பகிடி கேட்டுச் சிரித்தபோது அந்த எழுத்துகள் மண்ணுக்குள் இருந்தன. நீ பயந்துபோய் மாறியவன் அல்ல. தட்டை ஏந்தும்போதே தெரிந்து ஏந்தினாய். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தபோது தெரிந்து பார்த்தாய். நான் கட்டி வைத்திருந்த ‘அதற்கு முன்’ என்ற காலம் இல்லை.

பெருவிரல் ஒன்றே மிச்சம். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு கவிழ்த்தேன். வேர் பேணியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி வெண்மையாய் வந்தது. அடியில் ஓட்டுத் துண்டு. வேறு எதுவும் இல்லை. ஒரு செடி, செடியாக மட்டும் வந்திருக்கிறது.

ஒன்று.

நீ என்னிடம் கேட்டிருக்கலாம். எதிர்க்கட்டிலில் படுத்திருந்தவனுக்கு அந்த மொழி தெரியும். நூறு மைல் பஸ்ஸில் போக வேண்டியதில்லை. கேட்டிருந்தால் சொல்லித் தந்திருப்பேனா? கோபித்திருப்பேன். இரண்டு நாள் கதைக்காமல் இருந்திருப்பேன். பிறகு தந்திருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நீ எனக்கு வைக்கவில்லை.

தூணின் பச்சை நுனியைச் சவர அலகால் வெட்டி ஜன்னல் விளிம்பில் போட்டிருக்கிறேன். உள்ளே பழுப்பு இல்லாத இடம்வரை வெட்ட வேண்டியிருந்தது. நாலு விரல் நீளம்தான் தேறியது. காயம் காய ஒரு கிழமை ஆகும். அதுவரை சிரட்டையோடு வர வேண்டாம் என்று ஐயாவிடம் சொல்லியாயிற்று. "அதுக்கும் நோன்போ?" என்றார். பெருவிரல் தவிர்ந்த ஆறு பேணிக்கும் முற்றத்து உடைந்த ஓட்டில் இருந்து துண்டு பொறுக்கிக் கொடுத்தவர் அவர்தான். பச்சையாய் நிற்கிறது என்பதற்காக இனி எதையும் நம்பமாட்டேன். விரலை உள்ளே விட்டுப் பார்ப்பேன். செடியென்றால் அது நீ தந்த பழக்கம். மனிதர்களிடமும் அது தொற்றிவிட்டது. அதையும் நீதான் தந்தாய்.

நான்காவது பேணியைச் சொல்லாமல் விட்டேன்.

அதில் இருந்த தாள் நன்றாகக் காய்ந்து கிடந்தது. தலைப்பு, ‘என் வீடு’. ஐந்து வாக்கியம். என் வீடு சிறியது. என் வீட்டில் ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலில் நான்கு செடிகள் உண்டு. காலையில் வெயில் வரும். நான் என் வீட்டில் தனியாக இருக்கிறேன்.

கீழே ஆசிரியரின் சிவப்புப் பென்சில். எல்லாம் சரி.

கோவில், விண்ணப்பம், பட்டியல், எல்லாவற்றையும்விட இந்தத் தாளோடுதான் அதிக நேரம் இருந்தேன். அந்தப் பாடம்வரை உனக்கு ‘நண்பன்’ என்ற சொல் வந்திருக்காது என்று நினைத்துப் பார்த்தேன். மூன்றாவது பேணித் தாளை மறுபடி விரித்தேன். அம்மா, வீடு, தண்ணீர், மரம். அடுத்த வரியில் இருந்தது. நண்பன். ஐந்து தரம் எழுதிப் பழகியிருக்கிறாய்.

கோவிலுக்குப் பிறகு நான் சிங்களம் வாசித்திருக்கிறேன். ஓர் எழுத்தும் எழுதியதில்லை. சத்தியம் சோதனைக்கு மட்டும்தான். நானாக அதை நீட்டிக்கொண்டேன். சற்று முன் பென்சிலைச் சீவினேன். ஆசிரியர் சரி போட்ட இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். ‘தனியாக’ என்பதை வெட்டி, மேலே, அவர்களுடைய எழுத்தில், தெளிவாக, ‘இருவர்’ என்று எழுதினேன்.

பிறகு பக்கத்தில் பிழை என்று போட்டேன்.